காற்றில்லா வரம்பு: பெயரும் பொருளும் அளவையும்

ஒருவன் மெல்ல நடக்கத் தொடங்கிச் சிறிது சிறிதாக விரைவைக் கூட்டி, இனி இயலாது என நிற்குமளவும் ஓடுவானாயின், அவன் உடலில் நிகழும் மாறுதல் முற்றும் ஒரு சீராக அமைவதில்லை. ஒரு நிலை வரையில் மூச்சும் உழைப்பும் இணையாக ஏறுகின்றன. குருதியிலுள்ள லாக்டேட்டு என்னும் பொருளின் அளவு ஏறத்தாழ மாறாது நிற்கின்றது. அந்நிலை கடந்தவழி லாக்டேட்டு மிகத் தொடங்குகின்றது. மூச்சு, உழைப்பை விஞ்சி விரைகின்றது. உடன் வருவாரோடு தடையின்றி உரையாடுதலும் அரிதாகின்றது. இத்திருப்பத்தையே உடலியலார் ஆங்கிலத்தில் 'அனரோபிக் திரெஷோல்டு' என்றனர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காற்றில்லா வரம்பு' எனத் தமிழில் அமையும்.

இஃது உடலியல் நூலார்க்குரிய பொருளாயிற்றே, தமிழாராய்ச்சியாளர்க்கு இதனால் ஆவதென்னை எனின், கூறுதும். இப்பெயர் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவதோடு அமையாது, அதன் காரணத்தையும் உரைக்கின்றது. அக்காரணமோ பிற்கால ஆய்வுகளால் பெரிதும் ஐயுறப்பட்டு நிற்கின்றது. அறிவியலைத் தமிழில் எழுதப் புகுவார், ஐயத்திற்கிடமான காரணத்தைத் தமிழ்ச் சொல்லிலும் ஏற்றி வைத்தல் தகுமோ என்பது கலைச்சொல் ஆக்கத்தைச் சார்ந்த வினாவாகும். அதற்கு விடை காணல் வேண்டுமாயின், பெயர் பிறந்த வரலாறு, அளக்கும் முறை, காரணம் பற்றிய வழக்கு ஆகிய மூன்றனையும் முறையே அறிதல் வேண்டும்.

பெயர் பிறந்த வரலாறு

புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு வேதியலார் ஷீலே ஆவர். அஃது உயிரினத்தின் தசையிலும் உண்டென்பதை அந்நாட்டவரான பெர்சீலியசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார். தசையில் அது தோன்றும் முறையைத் திருத்தமுற அளந்து காட்டியவர்கள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துப் பிளெட்சரும் ஹாப்கின்சும் ஆவர். தவளையின் தசையை உயிர்வளி இல்லாத சூழலில் வைத்தால் லாக்டிக் அமிலம் மிகுவதையும், உயிர்வளி நிறைந்த சூழலில் வைத்தால் அது குறைந்து மறைவதையும் அவர்கள் 1907-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயிர்வளி இன்மையும் லாக்டிக் அமிலத்தின் தோற்றமும் காரண காரியங்களாக இணைத்துப் பேசப்படுதற்கு இவ்வாய்வே கால்கோளாயிற்று எனலாம்.

பின்னர் ஏ. வி. ஹில் என்பாரும் மேயர்ஹோஃப் என்பாரும் தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தின் மாற்றத்தையும் ஆராய்ந்து, 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர். ஓடும் மனிதனின் உயிர்வளிச் செலவை அளந்த ஹில், லப்டன் ஆகிய இருவரும், ஓட்டத்தில் உயிர்வளி பற்றாக்குறையால் தசை 'கடன்' படுகின்றது என்றும், ஓட்டம் முடிந்தபின் மிகுதியாக மூச்சு வாங்கி அக்கடனை அடைக்கின்றது என்றும் 1923-ஆம் ஆண்டில் விளக்கினர். 1930-ஆம் ஆண்டில் ஓல்சு என்பார், மெல்லிய உழைப்பில் குருதி லாக்டிக் அமிலம் ஏறுவதில்லை என்றும், ஒரு குறித்த நிலைக்கு மேலேயே ஏறுகின்றது என்றும் காட்டினார். வரம்பு என்னும் கருத்து அங்கே அரும்பியது.

அதற்கு இன்று வழங்கும் பெயர் 1964-ஆம் ஆண்டில் அமைந்தது. அமெரிக்க மருத்துவரான வாசர்மன், மாக்கில்ராய் என்பாருடன் கூடி வெளியிட்ட கட்டுரையில் இதய நோயாளரையே கருத்திற் கொண்டார். விளையாட்டு வீரரை அன்று. நோயுற்ற இதயம் தசைகளுக்குப் போதிய உயிர்வளியை எந்நிலையில் வழங்க மாட்டாது போகின்றது என்பதைக் குருதி எடாமலே, மூச்சுக் காற்றைக் கொண்டே அறிதல் கூடும் என்பது அவர்தம் கருத்து. 1973-ஆம் ஆண்டில் வாசர்மனும் அவர் குழுவினரும் இதனை விரித்துரைத்தனர். அவர்கள் கொண்ட காரணத் தொடர் மூன்று கண்ணிகளை உடையது: தசையில் உயிர்வளி பற்றாக்குறை நேர்கின்றது, அதனால் லாக்டிக் அமிலம் மிகுகின்றது, அதனால் மூச்சு விரைகின்றது. பெயர் முதற் கண்ணியினின்று எடுக்கப்பட்டது. அளக்கப்பட்டனவோ பின்னிரண்டுமே. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும்.

அளக்கும் முறைகள்

அளத்தற்குரிய முறைகள் இருவகைப்படும்: குருதி வழி அளத்தல், மூச்சு வழி அளத்தல்.

குருதி வழி அளக்குங்கால், ஓட்டப்பட்டையிலோ நிலைமிதிவண்டியிலோ ஒருவரை ஏற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை விரைவையோ சுமையையோ கூட்டுவர். ஒவ்வொரு படியின் இறுதியிலும் காதுமடலிலிருந்தோ விரல்நுனியிலிருந்தோ ஒரு துளிக் குருதி எடுத்து லாக்டேட்டை அளப்பர். ஓய்வுநிலையில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் இருக்கும். அவ்வளவினின்று அது முதன்முதல் உயரத் தொடங்கும் இடத்தை வரம்பென்பார் ஒருசாரார். ஓய்வளவின் மேல் 1 மில்லிமோல் ஏறிய இடம் என்பார் மற்றொரு சாரார். 4 மில்லிமோலை எட்டும் இடமே என்பது செருமனி நாட்டுக் கொலோன் நகரில் மாடர் முதலியோர் 1976-ஆம் ஆண்டில் வகுத்த முறை. இவற்றின் வேறாக, ஒரே விரைவில் முப்பது நிமிடம் உழைக்கச் செய்து, இறுதி இருபது நிமிடத்தில் லாக்டேட்டு 1 மில்லிமோலுக்கு மேல் ஏறாதிருக்கும் மிக உயர்ந்த விரைவைக் காண்பதும் உண்டு. இதற்குப் பல நாள் பல சோதனை வேண்டுமாயினும், நீடித்து உழைக்கக்கூடிய எல்லையை நேரே காட்டுவது இதுவே.

மூச்சு வழி அளக்குங்கால், உட்கொள்ளும் உயிர்வளியும் வெளிவிடும் கரியமில வாயுவும் மூச்சின் மொத்த அளவும் தொடர்ந்து பதிவு செய்யப்படும். லாக்டிக் அமிலத்தின் புளிப்பைக் குருதியிலுள்ள பைகார்பனேட்டு ஈடு செய்யும்பொழுது கரியமில வாயு மிகுதியாகப் பிறக்கும். ஆதலின் கரியமில வாயுவின் அளவை உயிர்வளியின் அளவோடு வரைபடத்தில் எதிரெதிர் இட்டால், கோடு ஓரிடத்தில் முன்னினும் மிக்க சாய்வோடு மேல்நோக்கித் திரும்பும். இத்திருப்பம் காணும் முறையைப் பீவர், வாசர்மன், விப் ஆகியோர் 1986-ஆம் ஆண்டில் வகுத்தனர். இதற்கும் மேலாக இரண்டாவது திருப்பம் ஒன்றுண்டு. ஆண்டுக் கரியமில வாயுவின் மிகுதியையும் கடந்து மூச்சு விரையும். முதல் திருப்பத்தையும் இரண்டாம் திருப்பத்தையும் ஒரே பெயரால் வழங்குவார் உளராதலின் மயக்கம் மிகுகின்றது.

இத்தாலி நாட்டுப் பெராராவில் கொன்கோனி முதலியோர், விரைவு கூடுங்கால் இதயத்துடிப்பு ஏறும் கோடு ஓரிடத்தில் சாய்வதாகவும், அவ்விடமே வரம்பு என்றும் 1982-ஆம் ஆண்டில் கூறினர். குருதி எடுக்க வேண்டாமையின் அம்முறை விரைந்து பரவிற்று. ஆயினும் அச்சாய்வு எல்லாரிடத்தும் காணப்படுவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு

அளவை முறை மாறினால் அளவும் மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவாம். ஓர் ஓட்டக்காரரின் லாக்டேட்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் விரைவில் 1.1 ஆகவும், 11-இல் 1.2 ஆகவும், 12-இல் 1.4 ஆகவும், 13-இல் 2.0 ஆகவும், 14-இல் 3.1 ஆகவும், 15-இல் 5.2 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். அவர்தம் ஓய்வளவு 1.1 என்க.

லாக்டேட்டு தெளிவாக உயரத் தொடங்கும் இடம் எனக் கொண்டால், அவர் வரம்பு மணிக்கு 12 கிலோமீட்டர். ஓய்வளவின் மேல் 1 ஏறிய இடம் எனக் கொண்டால் 13.1 கிலோமீட்டர். 4 மில்லிமோல் எனக் கொண்டால் 14.4 கிலோமீட்டர். ஓட்டக்காரர் ஒருவரே; குருதியும் ஒன்றே; வரம்போ மூன்று. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தை 12 கிலோமீட்டர் விரைவில் முடிக்க 3 மணி 31 நிமிடம் ஆகும்; 14.4 கிலோமீட்டர் விரைவில் 2 மணி 56 நிமிடம் ஆகும். இடைவெளி 35 நிமிடம். "இது நின் வரம்பு" என்று பயிற்றுநர் ஓர் எண்ணைக் கூறி, அஃது எம்முறையால் பெறப்பட்டது என்பதைக் கூறாது விடுவாராயின், அதனை நம்பி ஓடுவான் பாதி வழியில் சோர்தல் கூடும்.

இஃதன்றி வேறு வழுக்களும் உள. சோதனைப் படிகள் குறுகியனவாயின் லாக்டேட்டு குருதியை அடையுமுன் விரைவு கூடிவிடும். வரம்பு உள்ளதினும் உயர்ந்து தோன்றும். முன்னாள் கடுமையாக உழைத்தோ உணவைக் குறைத்தோ தசையின் கிளைகோஜன் சேமிப்பைக் குறைத்தவரிடம் லாக்டேட்டு குறைவாகவே பிறக்கும். 4 மில்லிமோலை அவர் காலந்தாழ்ந்தே எட்டுவர். களைப்புற்ற அவரைக் கணக்கு 'தேறினார்' எனக் காட்டும். 2009-ஆம் ஆண்டில் ஃபாடே, கிண்டர்மன், மையர் ஆகியோர் இத்துறை நூல்களைத் தொகுத்து நோக்கியபொழுது, லாக்டேட்டு வரம்பினைக் குறிக்க 25 வேறு வேறு வரையறைகள் வழங்குவதைக் கண்டனர்.

காரணம் பற்றிய வழக்கு

இனி, பெயர் கூறும் காரணத்தை ஆராய்வாம். வரம்பு கடந்தவழித் தசையில் உயிர்வளி உண்மையாகவே பற்றாமற் போகின்றதா?

தசையணுவினுள் உயிர்வளி முட்டுப்படுமாயின், இழைமணிகளில் என்.ஏ.டி.எச். என்னும் பொருள் எரியாது தேங்குதல் வேண்டும். நாயின் தசையைத் தூண்டி 1968-ஆம் ஆண்டில் ஆராய்ந்த ஜோப்சிசு, ஸ்டெயின்சுபி ஆகியோர், லாக்டேட்டு வெளிப்படுங்காலும் அது தேங்காமல் குறைவதையே கண்டனர். 1984-ஆம் ஆண்டில் கானெட் முதலியோர், உயிர்வளி போதிய அளவு நிறைந்திருந்த நாயின் தசையிலேயே லாக்டேட்டு சேர்வதைக் காட்டினர். 1998-ஆம் ஆண்டில் ரிச்சர்ட்சன் முதலியோர் காந்த ஒத்ததிர்வு முறையால் உழைக்கும் மனிதரின் தசையை அளந்தனர். உழைப்பு ஏற ஏற லாக்டேட்டு வெளியேற்றம் மிக்கது. தசையகத்து உயிர்வளி அழுத்தமோ, பாதியளவு உழைப்பின் மேல் ஏறத்தாழ ஒரு நிலையிலேயே நின்றது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடரவில்லை.

முதற் கண்ணி இவ்வாறாக, மூன்றாம் கண்ணியும் தளர்ந்தது. 1951-ஆம் ஆண்டில் மாக்கார்டில் என்னும் மருத்துவர் கண்ட நோயுடையார் தசைக் கிளைகோஜனைப் பயன்படுத்த இயலாதவர். உழைக்குங்கால் அவர்தம் குருதியில் லாக்டேட்டு ஏறுவதில்லை. ஆயினும் அவரிடத்தும் மூச்சு உழைப்பை விஞ்சி விரைவதை ஹாக்பர்க் முதலியோர் 1982-ஆம் ஆண்டில் கண்டனர். எனவே லாக்டேட்டு ஒன்றே மூச்சு விரைதற்குக் காரணம் எனல் பொருந்தாது.

அங்ஙனமாயின் லாக்டேட்டு மிகுதற்குக் காரணம் யாது? குருதியில் நாம் அளக்கும் லாக்டேட்டு, பிறப்பு அன்று. பிறப்பிற்கும் செலவிற்கும் இடையே எஞ்சிய இருப்பு. ஏரியின் நீர்மட்டம் உயர்வதை மட்டும் கரையில் நின்று கண்டவன், கால்வாயில் வரவு மிகுந்ததோ மதகில் செலவு குறைந்ததோ எனத் துணிய இயலாது. அதுபோலவே இதுவும். உழைப்பு கடுமையாகுங்கால் விரைவுத் தசையிழைகள் மிகுதியாகத் தொழிற்படுகின்றன. அட்ரினலின் பெருகிக் கிளைகோஜன் விரைந்து சிதைகின்றது. இதனால் வரவு மிகுகின்றது. கல்லீரலுக்குச் செல்லும் குருதி குறைதலால் செலவு தளர்கின்றது. உயிர்வளி குறையாத நிலையிலும் இவை நிகழ்தல் கூடும்.

மேலும், லாக்டேட்டு வெறுங் கழிவும் அன்று. இதயமும் மெதுத் தசையிழைகளும் அதனை எரித்து ஆற்றல் பெறுகின்றன. கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகின்றது. ஓரிடத்துப் பிறந்து மற்றோரிடத்து உணவாகும் இப்போக்குவரவை 1980-களின் நடுவில் விளக்கியவர் கலிபோர்னியாவின் பெர்க்கிலியைச் சார்ந்த புரூக்சு ஆவர். நீடுழைப்புப் பயிற்சியால் வரம்பு உயர்வதும் இப்பொருளால் தெளிவாகும். பயிற்சி இழைமணிகளைப் பெருக்குகின்றது. வரவு குறைந்து செலவு மிகுகின்றது. பயிலாதவரிடம் உச்ச உயிர்வளிக் கொள்ளளவின் பாதியை அடுத்துக் காணப்படும் முதல் திருப்பம், தேர்ந்த ஓட்டக்காரரிடம் முக்காற்பங்கையும் கடந்து நிற்றல் இதனால் ஆகும்.

மறுதலைக் கொள்கையினர் கூற்றையும் நடுவுநிலையோடு கூறல் வேண்டும். உயிர்வளி குறைந்த காற்றை உட்கொண்டு உழைத்தால் லாக்டேட்டு முன்னரே ஏறுகின்றது. உயிர்வளி மிக்க காற்றை உட்கொண்டால் பிந்துகின்றது. ஆதலின் உயிர்வளிக்கு இதில் பங்கே இல்லை என்றலும் மிகையாகும். ஆனால் பங்குண்மை வேறு, இன்மை வேறு. உயிர்வளியின் அளவு நிகழ்ச்சியைச் சாய்க்கும் என்பதனால், உயிர்வளி இல்லாமையே நிகழ்ச்சிக்குக் காரணம் என்பது பெறப்படாது.

தமிழில் பெயரிடல்

பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுப்பது நன்னூலார் மரபு. ஆங்கிலம் கற்கும் மாணவனுக்கு 'அனரோபிக்' என்னும் கிரேக்க வழிச் சொல் பெரும்பாலும் இடுகுறியாகவே நிற்கும். அதன் உறுப்புகள் இன்மை, காற்று, உயிர்வாழ்வு எனப் பொருள்படுதலையும், உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்களைச் சுட்டப் பாஸ்டர் 1863-ஆம் ஆண்டில் அச்சொல்லை அமைத்ததையும் அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் மாணவனுக்கோ 'காற்றில்லா' என்பது கேட்டவுடன் பொருள் தரும் காரணப்பெயராகும். 'இல்லா' என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் குறைவைக் குறியாது. முற்றிய இன்மையையே குறிக்கும். ஆதலின், மூச்சு மிகுதியாக வாங்கிக்கொண்டிருக்கும் ஓட்டக்காரனிடத்துக் காற்றில்லை என மாணவன் கொள்ள இடமாகும். உயிர்வளி போதவில்லை என்பதே வாசர்மன் கருத்து. உயிர்வளி இல்லை என்பது அவர் கருத்தும் அன்று. மொழிபெயர்ப்பு, மூலத்தின் ஐயத்தை மிகுத்துத் தேற்றமாக்கிவிடுகின்றது.

பிறழ்ந்த காரணத்தைப் பெயர்த்தெழுதியதற்கு வேதியலிலேயே சான்றுண்டு. அமிலங்கள் அனைத்திற்கும் மூலம் எனப் பிழைபடக் கருதி, லவாய்சியர் ஒரு வளிக்கு 'அமிலம் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். ஹைடிரோகுளோரிக் அமிலத்தில் அவ்வளி இல்லை என்பது டேவியின் ஆய்வுகளால் பின்னர் விளங்கிற்று. செருமானியர் அதனைத் தம் மொழியில் 'புளிப்புப் பொருள்' எனப் பெயர்த்தமையின் பிழையும் உடன் சென்று இன்றளவும் நிற்கின்றது. தமிழில் ஆக்கியோரோ அச்சொல்லைப் பெயர்க்கவில்லை. உயிர் தாங்கும் தொழிலை நோக்கி 'உயிர்வளி' என்றனர். பிறமொழிப் பெயரைப் பெயர்க்காது பொருளை நோக்கிப் பெயரிட்டமையால் ஒரு பிழை தமிழில் புகாது நின்றது. அந்நெறியே ஈண்டும் கொள்ளத்தக்கது.

அந்நெறிப்படி, கருதப்பட்ட காரணத்தை விடுத்து, காணப்பட்ட நிகழ்ச்சியைக் கொண்டு மூன்று பெயர்களை அமைக்கலாம். குருதியில் லாக்டேட்டு முதலில் உயரும் இடத்தை 'லாக்டேட்டு ஏற்றத் தொடக்கம்' எனலாம். வரவும் செலவும் ஒத்து நிற்கக்கூடிய மிக உயர்ந்த உழைப்பை 'லாக்டேட்டுச் சமநிலை வரம்பு' எனலாம். வயலின் நீரைத் தன் உயரமளவும் தாங்கி, அதற்குமேல் வழியவிடுவது வரம்பாதலின், இரண்டாவதற்கே அச்சொல் பெரிதும் ஏற்புடைத்து. மூச்சுப் பதிவால் அறியப்படுவனவற்றை 'முதல் மூச்சுத் திருப்பம்', 'இரண்டாம் மூச்சுத் திருப்பம்' எனப் பிரித்து வழங்கலாம். 'காற்றில்லா வரம்பு' என்பதனை வரலாறு கூறுமிடத்து மட்டும், இன்னார் இன்ன கருத்தினால் இட்ட பெயர் என்னும் குறிப்போடு ஆளலாம். இவ்வாறு பிரித்து வழங்கின், பெயரைக் கேட்ட அளவிலேயே அளந்தது யாது, அளந்த முறை யாது என்பன விளங்கும்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ஆஸ்திரேலியாவில் ஓல்டர் முதலியோர் பெரிய அறுவை மருத்துவத்திற்கு உரிய 60 வயதிற்கு மேற்பட்ட 187 நோயாளரை முன்கூட்டியே சோதித்து, 1993-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மூச்சு வழிக் கண்ட வரம்பு, உடலெடை ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 11 மில்லிலிட்டர் உயிர்வளிக்குக் குறைந்த 55 பேரில் 10 பேர் இதயம் சார்ந்த காரணங்களால் இறந்தனர். அதற்குக் குறையாத 132 பேரில் ஒருவரே அங்ஙனம் இறந்தார். காரணக் கொள்கை ஐயுறப்பட்ட பின்னும் அளவை பயனுடையதாகவே நிற்கின்றது என்பதற்கு இது தக்க சான்று. ஆயின் அந்த 11 என்னும் எண் மூச்சுத் திருப்பத்தால் பெற்றது. மேற்காட்டிய கணக்கில் ஓட்டக்காரர்க்கு மூன்று வரம்பு தோன்றியது போல, நோயாளர்க்கும் வேறொரு முறையால் வேறோர் எண் தோன்றும். ஒரே பெயரால் இரண்டும் குறிக்கப்படின், அறுவைக்கு ஏற்றவர் யார், ஏலாதவர் யார் என்னும் முடிவே பிறழக்கூடும்.

இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பூல், ராசிட்டர், புரூக்சு, கிளாடன் ஆகியோர் 2021-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, இதனை ஐம்பதாண்டிற்கு மேற்பட்ட பூசலாகவே சுட்டுகின்றது. காரணத்தைத் துணிதல் உடலியலார் கடன். துணியுமுன் அதனைப் பெயரில் நாட்டாமை கலைச்சொல் ஆக்குவார் கடன். கண்டதைக் கண்டவாறு கூறும் பெயர், நாளைக் காரணம் எவ்வாறு முடியினும் திருத்தம் வேண்டாது நிலைபெறும்.